கொறங்காடு தரிசன்று!

(உழவர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



காட்டுயிர்க் காப்பு என்றவுடன் முதுமலையும் முண்டந்துறையுமே நம் நினைவிற்கு வருகின்றன. காடு அரசினுடையது, அதைக் காப்பதும் அரசின் வேலை, நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று இருந்துவிடுகின்றோம். ஆனால் காங்கேயம், தாராபுரம், மூலனூர், அரவக்குறிச்சிப் பகுதிகளில் வாழும் நீங்கள், உங்கள் பெயரிலுள்ள நிலத்திலேயே வழிவழியாக ஒரு காட்டைக் காத்து வந்திருக்கின்றீர்கள். அதற்குக் காட்டுயிர்க் காப்பு என்று நீங்கள் பெயரிடவில்லை, கொறங்காடு என்றீர்கள்.

மழை குன்றிய மண்ணிற்கு நம் முன்னோர் கண்ட முறை அது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரங்கள். நிலத்தைப் பல கூறுகளாகப் பிரித்து, ஒன்றில் மாடு மேயும்போது மற்றவற்றில் புல் தழைக்க விடுவர். கோடையில் புல் காய்ந்தபின் வெள்வேலங்காய் தீனியாகும். சாணம் விழுந்த இடத்திலேயே எருவாகும். காங்கேயம் மாட்டின் உறுதி இம்மேய்ச்சலில் விளைந்ததன்றோ?

மாடு மட்டுமா அங்கு வாழ்கிறது? கிளுவை ஓர் உயிர்வேலி. ஓணானும் பாம்பும் கீரியும் அதனடியில் ஒதுங்குகின்றன. சிறு பறவைகள் அதில் கூடு கட்டுகின்றன. கவுதாரியும் காடையும் புல்லிடையே தரையில் முட்டையிடுகின்றன. பனங்காடைக்குப் பூச்சி பிடிக்கத் திறந்த வெளி வேண்டும், அடர்காடு உதவாது. மரங்களை நெருக்கமாக நட்டுவிட்டால் இவ்வாழிடம் வளராது, அழியும்.

இதனைத்தான் தரிசு என்கின்றனர்! உழாத நிலமெல்லாம் வீண்நிலம் என்று எழுதிவைத்தது வெள்ளையர் ஆட்சியின் வரிக்கணக்கு. வெள்ளையர் போயினர், அவர்தம் கண்ணாடி நம் கண்ணிலிருந்து கழன்றபாடில்லை. தரிசுதானே என்று மனை பிரிக்கின்றனர், காற்றாலை நிறுத்துகின்றனர், கதிரொளித் தகடுகளைப் பரப்புகின்றனர். மேய்ச்சல் நின்ற நிலத்திலோ சீமைக் கருவேல் புகுந்துவிடுகிறது.

விற்கின்ற உழவரைப் பழிக்க நான் இங்கு வரவில்லை. கவுதாரி வந்து பிள்ளையின் படிப்புச் செலவைக் கட்டாது. ஊரெல்லாம் பெறும் நன்மைக்கு ஒருவரே செலவைச் சுமப்பது அறமன்று. அவ்வாறாயின் வழி யாது?

1972ஆம் ஆண்டின் காட்டுயிர்க் காப்புச் சட்டத்தில் 2002ஆம் ஆண்டுத் திருத்தம் 36சி என்னும் பிரிவைச் சேர்த்தது. தனியார் தாமே முன்வந்தால், அவர் நிலத்தை மாநில அரசு குமுகாயக் காப்பகமாக அறிவிக்கலாம். அத்தகைய காப்பகத்தின் மேலாண்மைக் குழுவில் நிலவுடைமையாளர் இடம்பெறுவதை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் உறுதிசெய்தது. நிலம் பறிபோகுமோ என்று அஞ்சற்க, உடைமை உங்களுடையதே. ஆனால் ஒன்றை மறைக்காமல் கூறுவேன்: அறிவித்தபின் நிலப்பயன்பாட்டை நினைத்தபடி மாற்றவியலாது, குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் வேண்டும். நன்கு ஆய்ந்தே முடிவெடுங்கள்.

நியூசிலாந்து நாட்டில், 1977ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அறக்கட்டளையுடன் நிலவுடைமையர் ஆயிரக்கணக்கில் உடன்படிக்கை செய்துள்ளனர். நிலம் அவர்களிடமே இருக்கின்றது. அதிலுள்ள இயற்கைக் காட்டைப் பின்னால் வாங்குபவரும் அழிக்கவியலாது. அங்கு இயல்வது இங்கு இயலாதா?

அரசிடம் நாம் கேட்க வேண்டுவன இரண்டு. கொறங்காட்டைக் கொறங்காடு என்றே கணக்கில் எழுதுக! அதனைக் காப்பவர்க்கு ஆண்டுதோறும் பொருளுதவி தருக!

உங்களிடம் கேட்பனவும் உள. கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி போடாதீர்கள். சீமைக் கருவேலை வேரோடு களையுங்கள். அடுத்தடுத்த நிலத்தார் கூடிப் பேசுங்கள். நாற்புறமும் மனையாகிவிட்டால் நடுவிலுள்ள ஒரு காட்டில் கவுதாரி தங்காது.

நிலம் போனால் சொல்லும் போகும். கொழுக்கட்டைப்புல்லைக் காணாத பிள்ளைக்கு அப்பெயர் எதற்கு? முல்லை என்னும் திணை நூலில் மட்டும் இருந்தால் போதுமா? அரசின் ஆணை வரும்போது வரட்டும். வேலியில் இடைவெளி விழுந்த இடமெல்லாம் இந்த மழைக்கே கிளுவைக் குச்சி நடுங்கள்!