குளியலறைத் தரையும் ஆசிட் போத்தலும்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே வீவக வீடுகளில் திரைச்சீலை மாறும், சோபா உறை மாறும். கடைசியாக எல்லார் கண்ணும் போய் நிற்பது குளியலறைத் தரையில். டைல்ஸ் என்னவோ பளபளப்பாகத்தான் இருக்கும். நடுவே ஓடும் கோடுகள் மட்டும் கறுத்தும் பழுப்பேறியும் கிடக்கும். உடனே ஒரு போத்தல் ஆசிட் வீட்டுக்கு வந்துவிடும்.

அந்தக் கோட்டை அடைத்திருப்பது 'கிரவுட்' எனப்படும் கலவை. சிமெண்ட், மெல்லிய மணல், சாயம், இவ்வளவுதான். டைலுக்கு இருப்பதுபோல் அதற்கு மேற்பூச்சு கிடையாது. தண்ணீரை உறிஞ்சும், கூடவே அழுக்கையும் உறிஞ்சும். ஆசிட் பட்டதும் நுரை பொங்குவதைப் பார்த்து, அழுக்கு வெளியேறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்பும் சேர்ந்துதான் கரைகிறது. கோடு வெளுத்துத் தெரிவதற்குப் பாதிக் காரணம், அதன் மேல்தோல் உரிந்துபோனதுதான். ஆண்டுதோறும் இப்படி உரித்தால் கோடு பள்ளமாகும், தண்ணீர் அடியில் இறங்கும். கீழே உள்ள நீர்க்காப்புப் பூச்சும் பழசாகியிருந்தால், கீழ்வீட்டு உட்கூரையில் சொட்டத் தொடங்கும். அந்தப் பழுதை மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்து சரிசெய்ய வேண்டியிருக்கும். பிறகு மின்தூக்கியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது கடினம்!

ஆகவே, கறை எதனால் வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் பூஞ்சணம். அதற்கு ஆசிட் தேவையில்லை. சமையலறைக் கோட்டில் படிந்தது எண்ணெய்ப் பிசுக்கு என்றால் சவர்க்காரத் தூளும் சுடுநீரும் போதும். வெள்ளையாகப் படிந்த உப்பு, துருக்கறை, புதுப்பிப்பு வேலைக்குப் பின் டைலில் ஒட்டிக்கொண்ட சிமெண்ட், இவற்றுக்குத்தான் ஆசிட் பொருத்தம். அப்போதும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைவிட சல்ஃபாமிக், சிட்ரிக் ஆசிட் கலந்த திரவங்கள் சாதுவானவை. பளிங்குக் கல் பதித்த தரையிலும், பழைய வீடுகளில் உள்ள பளிங்குச் சில்லு கலந்த தரையிலும் எந்த ஆசிட்டும் ஆகாது. எலுமிச்சைச் சாறுகூடத் தழும்பு வைத்துவிடும்.

வேலை தொடங்குமுன் கோடுகளில் தண்ணீர் ஊற்றி நன்றாக ஊறவிட வேண்டும். தண்ணீர் குடித்து நிறைந்த கிரவுட்டுக்குள் ஆசிட் ஆழமாக இறங்காது, மேலேயே வேலை செய்யும். இந்த ஒன்றைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கலக்க வேண்டியிருந்தால் பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் ஆசிட்டைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். ஆசிட்டின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். மறைவான மூலையில் சோதித்துப் பார்த்து, இரண்டு மூன்று நிமிடங்களில் நைலான் தூரிகையால் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். அதன்பின் சமையல் சோடா கரைத்த தண்ணீரை ஊற்றி மீண்டும் கழுவினால் மிச்சமிருக்கும் ஆசிட் அடங்கிவிடும். ரப்பர் கையுறையும் கண்களை மூடும் கண்ணாடியும் கட்டாயம். முகத்தில் கட்டும் துணி ஆவியைத் தடுக்காது.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து வேறு. காலையில் பூஞ்சணத்துக்கு பிளீச் ஊற்றியிருப்பார்கள். கறை போகவில்லையே என்று சற்று நேரத்தில் அதன்மேல் ஆசிட்டையும் ஊற்றுவார்கள். இரண்டும் கலந்தால் கிளம்புவது குளோரின் வாயு. 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் தேதி பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே ஜெர்மானியப் படை ஏவியது இதே வாயுவைத்தான். அது காற்றைவிடக் கனமானது, தரையை ஒட்டியே நிற்கும். குளியலறைத் தரையில் மண்டியிட்டுத் தேய்ப்பவரின் முகமும் அங்கேதான் இருக்கிறது. பல வீடுகளில் அந்த வேலையைச் செய்பவர் பணிப்பெண். போத்தலில் எழுதியிருப்பது அவருக்குப் புரியாத மொழியாக இருக்கலாம். ஒரே நாளில் இரண்டையும் தொடக்கூடாது என்று வீட்டுக்காரர் வாய்விட்டுச் சொல்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. முதலில் ஊற்றியதை முழுவதும் கழுவி, கதவைத் திறந்துவைத்து, இன்னொரு நாளில்தான் அடுத்ததை எடுக்க வேண்டும்.

மூக்கு எரிந்து இருமல் வந்தால் போத்தலை மூடிக்கொண்டிருக்காமல் உடனே வெளியே வந்துவிட வேண்டும். சற்று நேரத்தில் சரியானதுபோல் தோன்றினாலும், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல் வரக்கூடும். எனவே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூச்சு விடச் சிரமப்பட்டால் சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999.

வேலை முடிந்தபின் மிஞ்சிய ஆசிட்டைக் குடிநீர்ப் போத்தலில் ஊற்றி, கழுவுதொட்டிக்குக் கீழே வைக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. பேரப்பிள்ளைகளின் கை எட்டும் இடம் அது.