கவனம் நிலைக்காத குழந்தைகள்: மருந்தா, பயிற்சியா?



பள்ளிக் கட்டடத்தைப் பற்றியும் மதிய உணவைப் பற்றியும் நாம் அடிக்கடி பேசுகிறோம். அப்பள்ளியில் ஓரிடத்தில் அமர இயலாமல் தவிக்கும் குழந்தையைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம். தொடங்கிய வேலையை முடிக்காமலும், சொன்னதை மறந்தும் அலைகின்ற குழந்தையை 'அடங்காப்பிடாரி' என்று ஏசுகிறோம், பிரம்பையும் எடுக்கிறோம். வீட்டிலும் பள்ளியிலும் ஆறு மாதங்களுக்கு மேல் இந்நிலை நீடிக்குமாயின், அது குழந்தையின் குற்றமன்று; மூளை வளர்ச்சி சார்ந்த குறைபாடாக இருக்கலாம்.

இதற்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று மருந்து. 1937-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பிராட்லி, ஊக்க மருந்தொன்றால் சில குழந்தைகள் அமைதியுற்றுப் பாடத்தில் ஈடுபட்டதைக் கண்டு எழுதினார். இன்று மெதில்பெனிடேட் என்னும் மருந்து பெரிதும் வழங்கப்படுகிறது. பசியும் உறக்கமும் குறைதல் இதன் பக்க விளைவுகளாம். மற்றொன்று, பெற்றோரும் ஆசிரியரும் கற்றுக் கையாளும் நடத்தைப் பயிற்சி.

எது சிறந்தது? அமெரிக்காவிலும் கனடாவிலும் 579 குழந்தைகளிடம் 14 மாதங்கள் நடந்த ஆய்வு 1999-இல் வெளியாயிற்று. குறைபாட்டின் அறிகுறிகளைத் தணிப்பதில், முறையாகக் கண்காணித்துத் தந்த மருந்து பயிற்சியை விஞ்சியது. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கோ குறைந்த அளவு மருந்தே போதுமாயிற்று. ஆனால் மூன்றாம் ஆண்டில் பார்த்தபோது குழுக்களிடையே வேறுபாடு மறைந்திருந்தது. ஒரு போகத்திற்கு நீர் பாய்ச்சிவிட்டு மறு போகத்தில் விளைச்சலை எதிர்பார்க்க இயலுமா? கவனிப்பு தொடர வேண்டும் என்பதே நாம் கொள்ளும் பாடம். 6 வயது நிரம்பாத சிறாருக்குப் பெற்றோர் பயிற்சியே முதல் வழி என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2019-இல் அறிவுறுத்தியது.

பயிற்சி என்றவுடன் மலைக்க வேண்டுவதில்லை. "மாட்டுக்குத் தண்ணீர் காட்டு, கோழியை அடை, பிறகு புத்தகத்தை எடு" என்று மூன்றையும் ஒருங்கே சொன்னால் இக்குழந்தை மூன்றையும் மறக்கும். அருகில் சென்று, முகம் பார்த்து, ஒன்றை மட்டும் சொல்லுங்கள். முடித்தவுடன் பாராட்டுங்கள். பள்ளியில் முன்வரிசையில் அமர்த்தச் சொல்லுங்கள். அடி மட்டும் வேண்டா.

2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் இக்குறைபாடும் அடங்கும். அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் மருத்துவக் குழு வரவேண்டும் என்பது அதன் விதி. குழு வரும் நாளை முன்னரே அறிவித்து, படிப்பை விட்டு நின்ற பிள்ளைகளையும் அழைத்து வருதல் பஞ்சாயத்தின் கடமை. மேல்சிகிச்சைக்கு மாவட்ட மையத்திற்கு அனுப்பப்பெறும் குழந்தை, கூலி இழப்பை அஞ்சிப் பெற்றோர் தயங்குவதால் நின்றுவிடலாகாது. மருத்துவர் சொல்லாமல் மருந்து கொடுப்பதும் தவறு. அவர் சொன்ன மருந்தை அச்சத்தால் மறுப்பதும் தவறு.

நம் ஊரில் அத்தகைய குழந்தை யார் என்பதை ஆசிரியரிடம் இந்த மாதமே கேட்டறிவோமாக.