ஒரே ஊர், எத்தனை ஆயர்கள்



மறைமாவட்டங்களை ஒப்பிடும் கருத்தரங்கைத் தருமபுரியில் வைப்பானேன் என்று சிலர் கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். மயிலாப்பூர் மறைமாவட்டம் 1606-இல் பிறந்தது. தருமபுரிக்கு ஆயர் வந்ததோ 1997-இல். ஆனால் பிறந்த ஆண்டை வைத்து ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கொல்லத்துக்கு 1329-இலேயே மறைமாவட்டப் பெயர் கிடைத்தது. பிறகு பல நூற்றாண்டுகள் அது ஆயரில்லாமலே கிடந்தது. மக்கள் யார் யாருக்குக் கீழே மாறி மாறி இருந்தார்கள் என்று கேட்டால்தான் ஒப்பீடு சூடு பிடிக்கும்.

தருமபுரி வட்டாரத்துக் கோவிலூரை எடுத்துக்கொள்வோம். சேசு சபையாரின் மைசூர் மிஷன் நாளிலேயே கிறிஸ்தவம் வேர்விட்ட ஊர். அன்று மதுரை, மைசூர் மிஷன்கள் சட்டப்படி கொடுங்கல்லூர்ப் பேராயரின் அதிகாரத்துக்குள் அடங்கியவை. மேற்கு மலைக்கு அப்பால் இருந்த அந்தப் பேராயரை இங்குள்ளவர்களில் எத்தனை பேர் கண்ணால் கண்டிருப்பார்கள்? 1773-இல் சேசு சபையே கலைக்கப்பட்டது. பாரிசு மிஷன் குருக்கள் புதுச்சேரியிலிருந்து பொறுப்பேற்றார்கள். 1838-இல் கொடுங்கல்லூர், கொச்சி, மயிலாப்பூர் ஆகியவற்றின் அதிகாரத்தை ரோமாபுரி பறித்தது. போர்ச்சுகல் அரசன் பக்கம் நின்ற கோவா தரப்பு ஏற்க மறுத்தது. தமிழகத்தில் பல ஊர்களில் ஒரே தெருவில் இரு கட்சி, இரு சாமியார்!

அக்காலத்துப் பாரிசு மிஷன் பதிவேட்டில் ஒரு ஞானஸ்நானக் குறிப்பைப் பாருங்கள். இலத்தீனில் குழந்தையின் பெயர், பெற்றோர், ஞானப் பெற்றோர். கீழே பிரெஞ்சுக் குருவின் ஒப்பம், அதன் பக்கத்தில் பெரும்பாலும் ‘மிஸ். அப்.’ என்ற சுருக்கம். அப்போஸ்தலிக்க மிஷனரி, அதாவது போர்ச்சுகல் அரசனின் ஆள் அல்ல, ரோமாபுரி அனுப்பிய ஆள். அதிகாரச் சண்டை முழுவதும் அந்த ஓரத்து எழுத்துகளில் அடங்கிவிட்டது.

1930-இல் புதுச்சேரி, கும்பகோணம், மைசூர் மூன்றிலிருந்தும் நிலம் எடுத்துச் சேலம் மறைமாவட்டம் அமைத்தார்கள். அதிலிருந்து பிரிந்ததுதான் தருமபுரி.

சீர்திருத்த சபையாரின் கதை வேறு. சேலம் வட்டாரத்தில் உழைத்த லண்டன் மிஷன் ஆயர் முறையையே ஏற்காத சபை. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோதுதான் அந்தச் சபைகள் பேராயருக்குக் கீழே வந்தன. 1950-இல் கோயம்புத்தூர்ப் பேராயராக ஏ. ஜே. அப்பாசாமி பொறுப்பேற்றார். பக்தி மரபை வைத்துக் கிறிஸ்தவ இறையியல் எழுதியவர், ஆயரே வேண்டாம் என்றிருந்தவர்களுக்கும் ஆயரானார். எனக்குப் பிடித்த முரண் இது.

இன்னும் முடியவில்லை. ஓசூர் இலத்தீன் வழிபாட்டாருக்குத் தருமபுரி ஆயர். சீரோ மலபார் வழிபாட்டாருக்கு 2017 அக்டோபர் முதல் ஓசூர் என்ற பெயரிலேயே தனி மறைமாவட்டம். இருவரும் ஒரே திருத்தந்தையின் கீழ். 1838-இல் சண்டை மூட்டிய இரட்டை ஆட்சி, இன்று சட்டத்துக்கு உட்பட்டு அமைதியாக நடக்கிறது.

கட்டுரை வாசிப்போருக்கு ஒரு வேண்டுகோள். வரைபடம் காட்டும்போது எல்லைக்கோட்டோடு நிற்காமல், கோட்டின் இருபுறமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்களின் திருமணப் பதிவேடுகளையும் பேசுங்கள். 1930-க்கு முன் மைசூரின் கீழ் இருந்த பங்குகளின் பழைய ஏடுகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தவர்கள், மதிய உணவுக்கு முன் என்னிடம் சொல்லிவிடுங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.