மூப்பிலும் திறக்கும் செவிகள்
(யூபிலி விழாவையொட்டி நடந்த முதியோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மாற்கு சுவிசேஷம் 7-ஆம் அதிகாரத்தில், காது கேளாத, பேச்சும் திக்குகிற ஒருவரை நம் ஆண்டவரிடம் கூட்டி வருகிறார்கள். ஆண்டவர் அவரைத் தனியே அழைத்துப்போய், காதில் விரலை இட்டு, "எப்பத்தா", அதாவது "திறக்கப்படு" என்கிறார். அந்த மனிதர் தாமாக வரவில்லை. பிறர் கூட்டி வந்தார்கள். நான் சொல்ல வந்ததும் இதுதான்: நம் வீட்டில் காது மந்தமான பெரியவர்களைக் கூட்டிப்போக வேண்டியவர்கள் நாமே.

சிறு வயதில் காதில் சீழ் வடிந்து, கவனிப்பாரின்றி, ஆயுள் முழுவதும் அரைக் காதோடு வாழ்ந்தவர்கள் நம் கிராமங்களில் உண்டு. "அவருக்கு வேண்டியது மட்டும் கேட்கும்" என்று கேலி பேசுகிறோம். உண்மை வேறு. பலருக்கு முதலில் குறைவது கீச்சென்ற மெல்லிய ஓசைகளே. ஆண் குரல் கேட்கும். பேத்தியின் குரல் கேட்காது. தனியே பேசினால் புரியும். கல்யாண வீட்டில் புரியாது. பூசையில் பிரசங்கம் விளங்காது. பாவசங்கீர்த்தனத்தில் குருவானவர் சொல்வது கேட்காது. தாம் உரக்கச் சொல்வது பிறர் காதில் விழுமோ என்ற கூச்சம் வேறு. மெல்ல மெல்லக் கோயிலுக்கு வருவதையே நிறுத்திக்கொள்கிறார்கள். காதோடு திருவருட்சாதனங்களும் எட்டாமற் போவது எவ்வளவு பெரிய இழப்பு!

"வயதாகிவிட்டது, இனி என்ன?" என்று விட்டுவிடாதீர்கள். 1956 மே 1-ஆம் தேதி, அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் டாக்டர் ஜான் ஷே, 54 வயதுப் பெண்மணி ஒருவரின் காதில் இறுகிப்போயிருந்த அங்கவடி எலும்பை எடுத்துவிட்டு, டெஃப்லானால் செய்த சிறு துண்டைப் பொருத்தினார். அந்த அம்மாளுக்குக் காது கேட்டது! செவிப்பறை ஓட்டையை நம் உடம்பின் மெல்லிய படலத்தைக் கொண்டே அடைக்கிறார்கள். நரம்பு தளர்ந்தவர்களுக்குக் காதுக் கருவி உண்டு. அதுவும் போதாதவர்களுக்குக் காக்ளியர் கருவி உண்டு. சிலருக்குக் குரும்பி எடுத்தாலே போதும். எது வேண்டும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கோரிமேடு ஜிப்மரில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது. வீட்டு வைத்தியமாகக் காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் கேடு.

கருவி மாட்டியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கவேண்டாம். பாத்திரச் சத்தம், மின்விசிறி, செருப்புச் சத்தம் எல்லாம் ஒன்றாக வந்து மோதும். நெடுநாள் கேளாத ஒலிகளை மூளை மறுபடி பழகிக்கொள்ள வாரங்கள், மாதங்கள் ஆகும். இது தெரியாமல் பலர் கருவியைப் பெட்டியில் போட்டு மூடிவிடுகிறார்கள். அந்த நாட்களில் வீட்டாரின் பொறுமையே பாதி மருந்து. எதிரே நின்று, முகம் தெரிய, நிதானமாகப் பேசுங்கள், கத்தவேண்டாம். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாதீர்கள்.

எல்லோருக்கும் செவி திரும்பும் என்று சொல்லமாட்டேன். திரும்பாதவர்களும் ஆண்டவரின் பிள்ளைகளே. ஜெனீவா ஆயராயிருந்த புனித பிரான்சிஸ் சலேசியார், மார்ட்டின் என்ற காது கேளாத வாலிபனுக்குச் சைகையாலேயே ஞானோபதேசம் கற்பித்து, நற்கருணை வாங்கச் செய்தார். காது கேளாதோரின் பாதுகாவலர் அவரே.

பங்கு மக்களே, யூபிலி ஆண்டு விடுதலையின் ஆண்டு. கோயிலில் முன்வரிசையைக் காது மந்தமானவர்களுக்கு விடுவோம். அவர்கள் தனியறையில் பாவசங்கீர்த்தனம் செய்ய வசதி செய்வோம். கொடியேற்றத்திலும் தேர்பவனியிலும் வெடியைக் குழந்தைகளின் காதருகே வெடிக்காதிருப்போம். வெடிச் சத்தத்தால் கெட்ட காது எளிதில் திரும்பாது. இந்த ஆண்டு ஒவ்வொரு தெருவிலும் ஒரு பெரியவரையாவது மருத்துவரிடம் கூட்டிச் செல்வோம். கூட்டிப்போவது நம் வேலை. திறப்பது ஆண்டவரின் வேலை.

லூர்து அன்னை நம் எல்லோருக்காகவும் பரிந்து பேசுவாராக! மரியே வாழ்க!