கேவனா பாலம்

சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தின் அருகே உள்ள கேவனா தொங்கு பாலத்துக்கு இன்று செல்வோம். கிளாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்த இரும்பைப் பூட்டி, 1869-இல் கட்டி முடித்தார்கள். ஆனால் பாலம் தாழ்வாக அமைந்துவிட்டது. கடல்நீர் ஏறும் வேளையில் தொங்கான்கள் அடியில் நுழைய முடியாது. நீர் வடியும்வரை காத்துக் கிடக்க வேண்டும். மேலேயோ வண்டிகளின் பாரம் பெருகிக்கொண்டே போயிற்று.

1910-இல் பக்கத்திலேயே ஆண்டர்சன் பாலம் திறந்தது. நல்லவேளை, பழையதை இடிக்கவில்லை, நடப்பவர்களுக்கென்று விட்டுவிட்டார்கள். மூன்று அந்தருக்கு, அதாவது சுமார் 152 கிலோவுக்கு, மேற்பட்ட வண்டிகளும் மாடு குதிரைகளும் போகக்கூடாது என்ற போலீஸ் அறிவிப்பை இன்றும் அங்கே படிக்கலாம். அன்றைய மாட்டுவண்டிக்காரர்களில் நம்மவர்கள் பலர் அல்லவா!

2019-இல் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக்கினார்கள். அது வழிமறித்த சரக்குப் படகுகளோ 1983-லேயே பாசிர் பாஞ்சாங்குக்குப் போய்விட்டன.