பால் வேண்டாம் என்கிற குழந்தைக்கு என்ன கொடுப்பது?

(கிளப் ஹவுஸில் இளம் பெற்றோருக்காக நடந்த மாலைச் சந்திப்பில், ஓய்வு பெற்ற மருத்துவமனை உணவியல் ஆலோசகரான பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

கைக்குழந்தைகளோடு வந்திருப்பவர்கள் பின்னால் இருக்கும் பாயில் தாராளமாக உட்காரலாம். குழந்தைகள் சத்தம் போட்டால் நான் கொஞ்சம் உரக்கப் பேசிக்கொள்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். முப்பது வருடம் மருத்துவமனையில் உட்கார்ந்து, "ஒரு வயசு ஆயிடுச்சா? தினம் ரெண்டு டம்ளர் பால் குடுங்க" என்று எழுதிக் கொடுத்தவள் நான். அந்த வரி பேனாவில் தானாக வரும். ஓய்வு பெற்று இங்கே மகன் வீட்டுக்கு வந்த பிறகு, என் பேத்தி அந்த வரியைக் கிழித்துப் போட்டாள். மருமகளிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

பேத்திக்கு அப்போது ஒரு வயது நான்கு மாதம். தாய்ப்பாலை நிறுத்தியாயிற்று. மருமகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். காலை ஏழு மணிக்கு டம்ளரோடு நான் நிற்பேன், அவள் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். பால்கனிக்குக் கூட்டிப் போய்க் காக்கா காட்டினேன், பாட்டுப் பாடினேன், செல்போனில் வீடியோ போட்டேன். எதுவும் நடக்கவில்லை. கடைசியில் பரணிலிருந்து என் மகனுக்குக் கொடுத்த வெள்ளிப் பாலாடையை எடுத்துத் துலக்கினேன். மடியில் கிடத்தி, கையைப் பிடித்துக்கொண்டு ஊற்றினேன். நான்கைந்து நாள் உள்ளே போயிற்று. வெற்றி என்று நினைத்தேன். ஒரு காலை அழுகையோடு மூச்சை இழுத்தாள். புரையேறி மூக்கு வழியாகப் பால் வந்தது. சில விநாடிகள் உதடு கறுத்துப் போயிற்று. நிமிர்த்தி முதுகைத் தட்டினேன், மூச்சு வந்துவிட்டது. வாசற்படியில் மருமகள் அலுவலகப் பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கேட்டாள்: "அத்தை, ஆஸ்பத்திரிக்கு வர்ற அம்மாக்களுக்கும் இப்படித்தான் சொல்லிக் குடுத்தீங்களா?"

பதில் இல்லை என்னிடம். பால் போனால் போகிறது. அதற்குப் பிறகு பேத்தி ஸ்பூனைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பினாள். இட்லி, பருப்பு சாதம், வாழைப்பழம் என்று முன்பு ஆசையாகச் சாப்பிட்டவை எல்லாம் போயின. மூன்று வாரத்தில் 400 கிராம் எடை குறைந்தது. பால் குடிக்காததால் குறைந்த எடை இல்லை அது. நான் குடிக்க வைத்ததால் குறைந்தது. இங்கே யார் வீட்டிலாவது பாலாடையோ, மூக்கைப் பிடித்து ஊற்றுகிற பழக்கமோ இருந்தால் இன்றே நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

சரி, பால் எதற்கு? கால்சியம், புரதம், கொழுப்பு, பி12, பி2 இவற்றுக்காக. இவற்றில் எதுவுமே பாலில் மட்டும்தான் கிடைக்கும் என்பதில்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி, 1 முதல் 3 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 மி.கி. கால்சியம் வேண்டும். 100 மி.லி. பசும்பாலில் ஏறத்தாழ 120 மி.கி. இருக்கிறது. ஆக 200 மி.லி. டம்ளரில் இரண்டு டம்ளர் கொடுத்தால் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடும். 'ரெண்டு டம்ளர்' என்று நாங்கள் எழுதியதன் ரகசியம் இவ்வளவுதான். எழுதுகிறவருக்கு அது சுலபம்.

அதே கணக்கை வேறு வழியில் போடுவோம். தயிரில் இருப்பது பாலில் இருக்கும் அதே கால்சியம்தான். மதியம் ஒரு சின்னக் கிண்ணம், மாலை அரைக் கிண்ணம் என்று 150 கிராம் தயிர் போனால் 180 மி.கி. வந்துவிடும். கேழ்வரகு 100 கிராமில் சுமார் 360 மி.கி. இருக்கிறது, 25 கிராம் மாவில் கூழோ, தோசையோ, களியோ செய்தால் 90. பனீர் 20 கிராம், அதாவது பெரியவர்களின் பெருவிரல் அளவில் ஒரு துண்டு, உதிர்த்துப் போட்டால் 90க்குக் கொஞ்சம் மேல். வறுத்துப் பொடித்த எள் ஒரு டீஸ்பூன், 35 முதல் 40. அடையிலோ பருப்பிலோ ஒரு சின்னக் கைப்பிடி முருங்கைக்கீரை, 50. பருப்பு, காய், கோதுமை எல்லாம் சேர்ந்து மிச்சத்தைக் கொண்டுவந்துவிடும். ஒரு டம்ளர் பாலும் இல்லாமல் 500ஐத் தொட்டுவிட்டோம்.

இதில் ஒரு நேர்மையான திருத்தம் சொல்ல வேண்டும். கேழ்வரகு, எள் இவற்றின் கால்சியம் தயிரில் இருப்பதைப் போல அவ்வளவு எளிதாக உடம்பில் சேராது. முளைகட்டி அரைத்தால் கொஞ்சம் கூடும். அதனால் 'ராகி கொடுக்கிறேனே' என்று தயிரை விட்டுவிடாதீர்கள். தயிர் சாப்பிடுகிற குழந்தை பால் குடிக்கவில்லை என்று கவலைப்படுவது, சாம்பார் சாப்பிடுகிறவன் பருப்பு சாப்பிடவில்லை என்று கவலைப்படுகிற மாதிரி. பசலைக்கீரையைக் கால்சியத்துக்காகக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். வேறு சத்துகளுக்காகத் தாராளமாகக் கொடுக்கலாம்.

அசைவக் குடும்பங்களுக்கு இன்னும் சுலபம். நெத்திலியை நன்றாக வேகவைத்து, முள் தட்டுப்படாமல் மசித்துக் கொடுக்கலாம். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. இந்த வயதுக்கு ஒரு நாளைக்குத் தேவையே சுமார் 12 கிராம்தான். அரைக் கிண்ணம் பருப்பும் தயிரும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

கொழுப்பைப் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. பாலை நிறுத்தினால் அதிலிருந்து வந்த கலோரியும் போய்விடும். குழந்தையின் வயிறு சின்னது. அதில் நீர்த்த ரசம் சாதத்தை நிரப்பினால் வயிறு நிறையும், எடை ஏறாது. ஒவ்வொரு வேளைச் சாதத்திலும் ஒரு டீஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ விடுங்கள். வேர்க்கடலை, பாதாம் எல்லாம் பொடியாக மட்டும். முழுக்கடலை இந்த வயதில் மூச்சுக்குழாயில் சிக்கும். முதல் தடவை கொடுக்கும்போது, எள் உட்பட எதையும் துளியளவில் ஆரம்பித்துப் பாருங்கள்.

இனி எதிர்ப்பக்கம். பால் குடிக்காத குழந்தைகளைவிட, பாலை மட்டுமே குடிக்கிற குழந்தைகள்தான் என்னிடம் மோசமான நிலையில் வந்திருக்கிறார்கள். இரண்டு வயதுப் பையன் ஒருவன், ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் பால், பாட்டிலில். கொழுகொழு என்று இருந்தான். "எங்க வீட்டிலேயே இவன்தான் நல்ல வெள்ளை" என்று பாட்டி பெருமையாகச் சொன்னார். அது நிறம் இல்லை, சோகை. ஹீமோகுளோபின் 6 இருந்தது. பாலில் இரும்புச்சத்து இல்லை என்றே சொல்லலாம். போதாததற்கு, மற்ற உணவின் இரும்பு உடம்பில் சேர்வதையும் அது குறைக்கும், பசியையும் அடைத்துவிடும். பால் பிடித்த குழந்தைக்கும் அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். உங்கள் குழந்தை பால் குடிக்காமல் பருப்பும் கீரையும் முட்டையும் சாப்பிடுகிறது என்றால், ஒரு விதத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அந்த உணவோடு இரண்டு சொட்டு எலுமிச்சையோ, துளி நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும். டீயில் பிஸ்கட் நனைத்துக் கொடுக்கும் தாத்தாக்கள் இங்கே மூன்று பேர் இருக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை. டீ இரும்பைத் தடுக்கும். நிறுத்திவிடுங்கள்.

பாலுக்கு வாசனை சேர்த்தால் குடிப்பான் என்று பொடி வாங்குகிறீர்கள். குடிப்பான்தான், சர்க்கரைக்காக. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைத்து விற்க வேண்டாம் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. நம் உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவே கிடையாது. பாக்கெட் பாதாம் பாலும் பசும்பாலுக்கு மாற்று ஆகாது. அதில் பெரும்பகுதி தண்ணீர், புரதம் மிகக் குறைவு.

வைட்டமின் டி பற்றி ஒரு வார்த்தை. காலை ஆறரை மணி இளவெயிலில் காட்டுவதால் பெரிதாகப் பலன் இல்லை. பத்து மணி வாக்கில் சிறிது நேரம் வெளியே விளையாட வேண்டும். நமது விளையாட்டுத் திடலை ஒன்பதரைக்குப் பூட்டிவிடுகிறோம். செயற்குழுவினர் இங்கேதான் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளட்டும்.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எப்படிச் சரி செய்தோம்? முதலில், இரண்டு வாரம் பால் என்ற பேச்சே வீட்டில் வரக்கூடாது என்று மருமகள் சொல்லிவிட்டாள். பாலாடை பரணுக்குப் போயிற்று. அமெரிக்க உணவியலாளர் எலின் சாட்டர் சொன்ன ஒரு வேலைப் பிரிவினை இருக்கிறது. என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. பணியில் இருக்கும்போது இதைப் பயிற்சி வகுப்பில் பாடமாகவே எடுத்திருக்கிறேன். என் வீட்டில் அதைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் தெரிந்தது. கிண்ணத்தில் இரண்டு ஸ்பூன் தயிர் சாதத்தை வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அவள் அதை மேஜையில் பூசுவாள். இருபது நிமிடம் ஆனதும் எடுத்துவிட வேண்டும். கெஞ்சக்கூடாது, முகம் சுளிக்கக்கூடாது, "ஒரே ஒரு வாய்" என்று கேட்கக்கூடாது. அடுத்த வேளை வரை, இரண்டரை மணி நேரம், தண்ணீர் தவிர எதுவும் இல்லை. செல்போனும் இல்லை.

ஆறாம் நாள், என் தட்டிலிருந்த கேழ்வரகு தோசையைக் கை நீட்டிக் கேட்டாள். நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன், அவள் பார்க்காமல் அழுவதற்கு. எடை திரும்ப ஏற ஏழு வாரம் ஆயிற்று. ஒரு புது உணவைப் பத்துப் பதினைந்து தடவை பார்த்த பிறகுதான் சில குழந்தைகள் வாயில் வைக்கும். நாம் மூன்றாம் தடவையே "இவளுக்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். தவிர, ஒரு வயதுக்குப் பிறகு பசி குறைவது இயற்கை. முதல் வருடத்தில் எடை மூன்று மடங்கு ஆகிறது; இரண்டாம் வருடம் முழுதும் சேர்த்தே இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும்.

பாலைச் சமையலில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பீர்கள். கேழ்வரகுக் கூழில், சேமியாவில், கோதுமைத் தோசை மாவில் விடலாம். பேத்திக்குப் பாலின் ஆடைதான் பிடிக்கவில்லை என்று பின்னால் கண்டுபிடித்தோம். ஆனால் தண்ணீர் பாட்டிலில் ஒளித்துக் கலந்து ஏமாற்றாதீர்கள். கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் தண்ணீரும் குடிக்காது.

சில குழந்தைகள் பாலை மறுப்பது உடம்பு ஒத்துக்கொள்ளாததால். குடித்த சிறிது நேரத்தில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, அல்லது மலத்தில் ரத்தம் தெரிந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். அப்போது தயிர், பனீரும் கூடாது. மூச்சு இரைத்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். வயிற்றுப்போக்குக்குப் பின் சில வாரங்கள் மட்டும் பால் சேராமல் போவது வேறு, அது தானாகச் சரியாகும். பால் பொருள் எதுவுமே சேராத, முட்டையும் சாப்பிடாத சைவக் குழந்தை என்றால் பி12 எங்கிருந்தும் வராது. மருத்துவரிடம் கேட்டு மருந்தாகக் கொடுத்தே ஆக வேண்டும். வெளுத்துப் போவது, மண் தின்பது, எடை நின்றுபோவது, கால் வளைவது இவற்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசியாக, குழந்தை இல்லாத வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று. லிஃப்டில் இளம் அம்மாவைப் பார்த்தால், "இன்னும் பால் குடிக்கலையா? இளைச்சிட்டாளே" என்று கேட்காதீர்கள். என் மருமகளிடம் ஒரே வாரத்தில் நான்கு பேர் கேட்டார்கள். அந்த நாலு பேர் பேச்சுக்குப் பயந்துதான் நான் பாலாடையை எடுத்தேன் என்பதையும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

வரும் மாதங்களில் முதல் ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை இதே கிளப் ஹவுஸில் எடை இயந்திரத்தோடு உட்கார்ந்திருப்பேன். தடுப்பூசி அட்டையில் வளர்ச்சி வரைபடம் இருக்கும், அதைக் கொண்டு வாருங்கள். ஒரு நாள் எடையைவிட, கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். டயப்பரையும் செருப்பையும் கழற்றிவிட்டு நிறுத்த வேண்டும், மாற்றுத் துணி எடுத்து வந்துவிடுங்கள்.