பனி விழாத சில்லை கலான்

காஷ்மீரப் பள்ளத்தாக்கில் டிசம்பர் 21 தொடங்கி ஜனவரி இறுதிவரை நீளும் 40 நாள் கடுங்குளிர்ப் பருவம் ‘சில்லை கலான்’ எனப்படுகிறது. அந்நாட்களில் விழும் பனியே இறுகிக் கிடந்து, கோடையில் சிறுகச் சிறுக உருகி ஜீலம் ஆற்றுக்கு நீர் தருகிறது. பிப்ரவரிக்குப் பின் விழுவதோ இறுகுமுன்பே வெயிலில் கரைந்துவிடுவதால், பனி எவ்வளவு விழுந்தது என்பதற்கு நிகராக எப்போது விழுந்தது என்பதும் உழவருக்கு முக்கியமாகிறது. 2024 ஜனவரியில் குல்மார்க்கின் பனிச்சறுக்குச் சரிவுகளில் பழுப்பேறிய புல்தான் தெரிந்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடைபெறவிருந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள், போதிய பனி இல்லாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின.

இதை மட்டுமே புவி வெப்பமாதலுக்குச் சான்றாகக் காட்டுவது முறையாகாது. சில நாட்களின் நிலை வானிலை. பல பத்தாண்டுகளின் சராசரியே காலநிலை. மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து கிழக்கு நோக்கி நகர்ந்து இமயத்தில் பனி பொழியும் ‘மேற்கத்திய இடையூறுகள்’ எனும் காற்றழுத்தத் தாழ்வுகள் 2023-24 குளிர்காலத்தில் நலிந்திருந்தன. பசிபிக் பெருங்கடல் நீர் சூடேறும் எல் நினோவும் அப்போது நிலவியது. ஆனால், 2015 பிப்ரவரியில் அமெரிக்க செனட் அவைக்குள் பனியுருண்டையைக் கொண்டுவந்து வெப்பமாதலை மறுத்த செனட் உறுப்பினர் ஜேம்ஸ் இன்ஹோஃப் செய்ததும் அதே பிழைதான். அதற்கு முந்தைய 2014ஆம் ஆண்டே, உலக அளவில் அதுவரை பதிவானவற்றுள் மிகவும் வெப்பமான ஆண்டாக அறிவிக்கப்பட்டிருந்தது.

உறுதியான சான்று வேறிடத்தில் இருக்கிறது. வெப்பம் கூடுவதற்குச் சூரியனே காரணம் என்றால், வளிமண்டலம் அடி முதல் முடி வரை சூடேற வேண்டும். அளவீடுகள் காட்டுவதோ, தரையை ஒட்டிய அடுக்கு சூடேற, அதற்கு மேலுள்ள அடுக்காகிய ஸ்ட்ரேட்டோஸ்பியர் குளிர்ந்து வருவதைத்தான். கீழிருந்து எழும் வெப்பத்தைக் கரியமில வாயு தடுத்துப் பிடித்துக்கொள்ளும்போது ஏற்படும் விளைவு இது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த அவ்வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இந்த அளவுக்குத் தெளிவான தடயம் கிடைத்த பின்னும் அடிப்படையையே மறுத்துக்கொண்டிருப்பது, பள்ளத்தாக்கின் மக்களுக்கு இழைக்கும் அநீதி.

விவாதத்துக்கு இடமுள்ள கேள்விகள் இல்லாமல் இல்லை. மேற்கத்திய இடையூறுகள் இனி நலியுமா, வலுக்குமா, பருவம் தவறி வருமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை. அந்த முடிவுக்குக் காத்திராமல், பாசனநீர் குறைவதைக் கண்ட உழவர் பலர் நெல்வயல்களை ஆப்பிள் தோட்டங்களாக மாற்றி வருகின்றனர். ஆனால், குளிர்காலத்தில் போதிய குளிர் கிடைத்தால்தான் ஆப்பிள் மொட்டு உறக்கம் கலைந்து சீராகப் பூக்கும், குளிர்காலம் முடியுமுன் வெயில் ஏறினாலோ அது முந்தி விரிந்து, பின்னர் வரும் உறைபனியில் கருகிவிடும்.